நாணலும் கரும்பும்

நியூகினித் தீவின் ஆதிக்குடிகள் பேணி வளர்த்த சாறு மிகுந்த தடித்த கரும்பு கடல் கடந்து பல தேசங்களுக்கும் பரவிய போதிலும், குளிரும் வறட்சியும் மாறிமாறி வாட்டும் வட இந்தியச் சமவெளியில் அது செழிக்காமற்போகவே, மெலிந்த நாட்டுக் கரும்பையே நம்பியிருந்த நம் தேசம் ஜாவாத் தீவின் சர்க்கரைக்குப் பெருந்திரவியத்தைச் செலுத்தி வந்தது.

இக்குறை தீர 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. வடக்கே அரிதாகவே பூக்கும் கரும்பு கொங்கின் சீதோஷ்ணத்தில் தாராளமாய்ப் பூத்து வித்தும் கட்டுகிறது. பூவின்றிக் கலப்பு ஏது? அந்நிலையத்தில் பணியாற்றிய பார்பர் துரையும் அவருக்குத் துணைநின்ற டி.எஸ். வெங்கட்ராமனும், தீவுக் கரும்பின் வமிசத்ததான ‘வெள்ளை’யை, கோவை வட்டாரத்தில் தானே முளைத்து நின்ற, இனிப்பற்ற நாணலோடு கலந்து, 1918-இல் கோ. 205 என்னும் ரகத்தை வெளியிட்டார்கள். உழவர் களையென்று வெறுத்த ஒரு புல்லின் உரத்தை இனிப்போடு சேர்க்கத் துணிந்த அந்த மதியையே இச்சரித்திரத்தின் சிகரமென்று நான் கருதுகிறேன். பஞ்சாபின் வயல்களில் கோ. 205 வேரூன்றியது. பின்வந்த கோ. 281, கோ. 290 ஆகியன லூயிசியானாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றன. 1930-களில் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் இந்நிலையத்திலேயே கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்.

1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நாடெங்கும் சர்க்கரை ஆலைகள் பெருகின. அவற்றின் கழிவுப்பாகு சாராயமாயிற்று, சக்கையும் வீண்போகவில்லை. 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூரை அடுத்த புகளூர்ப் பகுதியில், அச்சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்கிறது.