மலையடிவாரக் கடையும் இணையத்துச் சொந்தக் கடையும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் சேரும் கூட்டத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நாட்களில் மலையடிவாரத்தில் நாலடி இடம் கிடைத்தால் போதும், கொண்டுபோன சரக்கு பெரும்பாலும் விற்றுவிடும். ஆனால் அந்த நாலடி நம்முது இல்லை. தரை வாடகை கொடுக்கணும், கூட்டம் கலைந்ததும் மூட்டை கட்டணும். நம்மிடம் ஊறுகாய் வாங்கிய அம்மா சித்தூர்க்காரரா வேலூர்க்காரரா என்றுகூடத் தெரியாது. ஊறுகாய் பிடித்துப்போய், இன்னொரு பாட்டில் வேணும் என்று அவர் நினைத்தாலும் நம்மைத் தேட வழியில்லை.

நம் குழுக்கள் விற்ற இடங்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் உருவாயின. 1992-ல் நபார்டு, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. சேமிப்பும் உள்கடனும் நம் கைக்கு வந்த வேகத்தில் விற்பனை வரவில்லை என்பது என் எண்ணம். பூமாலை வளாகம், சரஸ் கண்காட்சி, கல்லூரிச் சந்தை எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அவை வேறொருவர் திறந்து, வேறொருவர் மூடும் இடங்கள்.

இணையத்திலும் இதே இரண்டு வகை உண்டு. அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரி தளங்கள் பெரிய சந்தை. அங்கே நமக்குக் கிடைப்பது ஒரு கடைவரிசை இடம். வாங்குகிறவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர், நம் வாடிக்கையாளர் இல்லை. இன்னொரு வகை, நம் பெயரில், நம் முகவரியில் நாமே திறக்கும் கடை. அதற்கான மென்பொருளை இலவசமாக எடுத்து, லினக்ஸ் ஓடும் ஒரு சர்வரில் நாமே நிறுவிக்கொள்ளலாம். இது எப்போது, யாரால் முடிகிற காரியமானது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சர்வர் என்றால் என்ன? இரவு பகல் அணையாமல் ஓடுகிற ஒரு கணினி, அவ்வளவுதான். யாராவது போனில் நம் கடையின் பெயரைத் தட்டினால், பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. பெரும்பாலும் அது நம் வீட்டில் இருக்காது. எங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் மாத வாடகைக்கு எடுத்திருப்போம். அப்படியானால் அதுவும் வாடகைதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மனை குத்தகை, கட்டடம் நம்முது என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரரோடு ஒத்துவரவில்லை என்றால், சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், கணக்கு எல்லாவற்றோடும் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு வேறு மனையில் வைத்துவிடலாம். சந்தையில் அது முடியாது.

1994 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற சின்ன நிறுவனம் ஒரு பாட்டு சிடியை, ரகசியக் குறியீட்டால் பூட்டிய அட்டைப் பணம் மூலம், இணையத்தில் விற்றது. விலை 12 டாலர் 48 சென்ட், அனுப்பும் செலவு தனி. வாங்கியவர் பிலடெல்பியாவில் இருந்த ஒரு நண்பர். பாதுகாப்பான இணைய விற்பனையில் முதலாவது என்று இதைத்தான் சொல்வார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே அதற்கு ஒரு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலம். அந்தக் காலத்தில் இணையக் கடை போட பெரிய கணினியும் சம்பளத்துக்குப் பொறியாளர்களும் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அதை மாற்றியது பணக்காரர்கள் இல்லை, பகிர்ந்துகொள்பவர்கள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு மென்பொருள் எழுதப்போவதாக அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். கணினியின் மொத்த வேலையையும் மேய்க்கிற நிர்வாகி அது. 1995-ல் மூன்று துணைகள் வந்து சேர்ந்தன: பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி, கடையின் வேலைகளை எழுதும் பி.எச்.பி. மொழி, கணக்கை அடுக்கி வைக்கும் மைஎஸ்க்யூஎல். இந்தக் கடைசிப் பெயரில் நமக்குப் பிடித்த ஒரு சேதி இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், தன் மகள் ‘மை’யின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2008-ல் சன் நிறுவனம் அதை வாங்கியது, பிறகு சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதைப் பிடிக்காத விடேனியஸ், 2009-ல் அதன் நகலை எடுத்துத் தனியாக வளர்த்தார். அதற்கு இளைய மகள் மரியாவின் பெயர், மரியாடிபி. இன்று உலகத்தில் எத்தனையோ கடைகளின் கணக்குப் புத்தகம் அக்கா பெயரிலோ தங்கை பெயரிலோ இருக்கிறது.

கடை மென்பொருள் 2000 மார்ச்சில் வந்தது. ஜெர்மனியில் ஹரால்ட் பொன்சே டி லியோன் தொடங்கிய அதுதான் பின்னாளில் ஓஎஸ்காமர்ஸ் ஆனது. சரக்குப் படம், விலை, கூடை, ஆர்டர், ரசீது என்று ஒரு கடைக்கு வேண்டியதெல்லாம் இலவசமாக. உலகம் முழுக்கச் சின்ன வியாபாரிகள் எடுத்துப் போட்டார்கள். 2003-ல் அதிலிருந்து சிலர் பிரிந்து சென் கார்ட் தொடங்கினார்கள். 2007-ல் பாரிசிலிருந்து பிரஸ்டாஷாப், 2008-ல் மஜென்டோ. 2011-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வூதீம்ஸ் நிறுவனம், ஜிகோஷாப் என்ற மென்பொருளின் நகலிலிருந்து வூகாமர்ஸைக் கொண்டுவந்தது. இன்று வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கிறவர்கள் கடை திறக்கணும் என்றால் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். நம் ஊரில் ஒரு குழு இரண்டாகப் பிரிந்தால் என்ன நடக்கும்? சேமிப்பை யாருக்கு எவ்வளவு, சுழல் நிதி யார் பக்கம், வங்கிக் கடன் யார் தலையில் என்று வருஷக்கணக்கில் இழுபடும். இவர்கள் பிரிந்தபோது சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் பொருள் விஷயத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆளுக்கொரு முழு நகல். போட்ட உழைப்பு இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. பொதுவில் சேர்த்து வைத்ததை யாரும் பூட்டிக்கொண்டு போக முடியாது என்று உரிம விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நம் குழு விதிகளை எழுதும்போது இப்படி ஒன்று கிடைத்திருந்தால் எத்தனை பஞ்சாயத்து மிச்சமாகியிருக்கும்!

இனி நிறுவும் வேலை. இருபது வருஷத்துக்கு முன் ஒருவர் செய்ததும் இன்று ஒருவர் செய்வதும் பெரிதாக வேறில்லை. சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் லினக்ஸ் போடுவார். கடைக்கு ஒரு பெயர் பதிவு செய்வார். அப்பாச்சி, பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் மூன்றையும் இறக்குவார். கணக்குக்காக ஒரு வெற்றுப் புத்தகம் திறந்து, அதற்குத் தனிச் சாவி வைப்பார். கடை மென்பொருளின் கோப்புகளைச் சர்வரில் கொட்டிவிட்டு, கடையின் முகவரியைத் திறந்தால் நிறுவும் பக்கம் வரும். கணக்குப் புத்தகத்தின் பெயர் என்ன, சாவி என்ன, கடை முதலாளி யார் என்று கேட்கும். பதில் சொன்னால் சில நிமிஷத்தில் கடை எழும்பிவிடும்.

அங்கேதான் பலர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ஓஎஸ்காமர்ஸ் காலத்திலிருந்தே ஒரு கட்டளை உண்டு: நிறுவி முடித்ததும் நிறுவும் கோப்புறையை அழித்துவிடு, அமைப்புக் கோப்பை யாரும் திருத்த முடியாதபடி பூட்டு. வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரி. சாரத்தை விட்டுவைத்தால் திருடன் ஏறத்தான் செய்வான். அந்தக் கோப்புறை அப்படியே கிடந்தால், வேறொருவர் அதைத் திறந்து ‘முதலாளி நான்’ என்று பதில் சொல்ல வழி கிடைத்துவிடும்.

சொந்தக் கடையின் உண்மையான செலவு இந்தக் காவல் வேலைதான். இலவசம் என்று சொல்லி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 2011-ல் பழைய ஓஎஸ்காமர்ஸ் கடைகளில் ஓட்டை கண்டுபிடித்து, லட்சக்கணக்கான பக்கங்களில் விஷ நிரலைத் திணித்தார்கள். மஜென்டோவின் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் மாதத்தோடு பராமரிப்பு நின்றுவிடும் என்று 2018-லேயே அறிவித்தார்கள். கேட்காதவர்கள் இருந்தார்கள். அந்த செப்டம்பரில், ஒரே வார இறுதியில், கிட்டத்தட்ட 2,000 கடைகளில் புகுந்து வாங்குகிறவர்களின் அட்டை எண்களைத் திருட வலை விரித்தார்கள். பூட்டு வாங்கக் காசில்லை என்ற சாக்கு மட்டும் இப்போது செல்லாது. 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல அமைப்பு பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. ஆனால் அதுவும் 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கிற மாதிரி அமைத்து வைக்கணும்.

இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு, நமக்கு எங்கே என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டத்தை நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத் தந்தார்கள். பாஸ், சென்னை சி-டாக்கில் உருவானது. நம் பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் லினக்ஸ் நம் வீட்டு அலமாரிக்குள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். பக்கத்து மாவட்டத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு பல வருஷமாகத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழில் து. நித்யா, லினக்ஸையும் மைஎஸ்க்யூஎல்லையும் எளிய தமிழில் எழுதி, இலவச நூல்களாக்கினார். தமிழில் இந்தப் பாடத்தை எழுதியவர் ஒரு பெண் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கணும்.

பணம் வாங்குவதுதான் கடைசித் தடையாக இருந்தது. 2016 ஏப்ரலில் யூபிஐ வந்தபிறகு அதுவும் எளிதாகிவிட்டது. கூட்டமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும் பான் எண்ணும் இருந்தால், கட்டணச் சேவை நிறுவனம் ஒன்றை நம் கடையோடு இணைக்கலாம். உணவுச் சரக்கு என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எப்படியும் வேண்டும்.

நம் ஊருக்கு மட்டும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு போட்டார்களே தவிர, நம் சொந்தபந்தம் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான் இருக்கிறது. நகரியில் இருக்கும் நம் அக்கா, பஸ் ஏறி வந்து வாங்கிப் போனால் ஒரு பேச்சும் இல்லை. அதே அக்கா இணையக் கடையில் ஆர்டர் போட்டால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு வருஷம் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் ஒரு அளவு வரை விலக்கு. அப்பளத்துக்கு வரியே இல்லை, ஊறுகாய்க்கு உண்டு. அதனால் கடையை நிறுவும்போதே, எந்தச் சரக்கை எந்த மாநிலத்துக்கு அனுப்பலாம் என்று அமைப்பில் குறித்துவிடணும். ஆடிட்டரை ஒருதரம் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. அம்மையார்குப்பம் பக்கத்து நெசவு, நம் பக்கத்து ஊறுகாய், மசாலாப் பொடி என்று ஒரே கடையில் வைக்கிறபோது இது ரொம்பவே முக்கியம்.

சந்தையை விட்டுவிடச் சொல்லவில்லை. அரசு நம் குழுக்களுக்காகவே நடத்தும் மதி சந்தை தளத்திலும் இருக்கலாம், பெரிய தளங்களிலும் இருக்கலாம். புது முகங்கள் கூட்டத்தில்தான் கிடைப்பார்கள். அப்படி ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறை வந்து தட்டுவதற்கு நம் பெயரில் ஒரு கதவு இருக்கணும் என்பதே பேச்சு. அந்தக் கதவுக்கு ஒரு பொறுப்பாளரும், அவர் இல்லாத நாளில் பார்க்க இன்னொருவரும் இல்லையென்றால், கடை போடாமல் இருப்பதே மேல். இரண்டு பேருக்கும் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டிவரும். அதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

போடுவது என்று தீர்மானித்தால், முதல் நாளே ஒன்றைக் கவனிக்கணும். கடையின் பெயரைப் பதிவு செய்வது பெரும்பாலும் தெரிந்த ஒரு பையனாக இருக்கும், அவன் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிடுவான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. நாளைக்கு அவன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவனுக்குத்தான் போகும், கடையின் பெயர் காலாவதியாகும். பதிவு கூட்டமைப்பின் பெயரில், கூட்டமைப்பின் மின்னஞ்சலில் இருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வைத்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரி சாவிச் சொற்களை இரண்டு பேர் வைத்திருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில், கடன் தவணைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.