நாட்பட்ட இதயச் செயலிழப்பும் மனச்சோர்வும்

நாட்பட்ட இதயச் செயலிழப்பும் மனச்சோர்வும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டதாகும். இதயச் செயலிழப்பு என்பது உடலின் தேவைக்கு ஏற்ற அளவு குருதியை இதயத்தால் செலுத்த இயலாத நிலை ஆகும். பெயரைக் கொண்டு இதயம் நின்றுவிட்டதாகப் பொருள் கொள்ளலாகாது. மாரடைப்பும் இதுவும் வேறு. எனினும் மாரடைப்பில் இதயத்தசை நலிவுற்றுப் பின்னர் இந்நிலை தோன்றுவது உண்டு. மனச்சோர்வு என்பது வருத்தமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வாழ்வைப் பாதிக்கும் நோயாகும். பேச்சுவழக்கில் இதனை "மன அழுத்தம்" என்பர். அச்சொல் வேலைப்பளுவால் வரும் நெருக்கடியையும் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது.

பரவல்

2006 ஆம் ஆண்டு வெளியான, 36 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வின்படி, இதயச் செயலிழப்பு உடையோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு (21.5%) மனச்சோர்வு உள்ளது. நோய் முற்ற முற்ற இவ்வளவு கூடுகிறது: மிக இலேசான நிலையில் 11%, ஓய்விலும் மூச்சுத் திணறும் நிலையில் 42%. 2001 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கடும் மனச்சோர்வு உடைய நோயாளர் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய இரு மடங்காகவும், மீண்டும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மும்மடங்காகவும் இருந்தன.

இனங்காண்பதில் உள்ள இடர்

களைப்பு, உறக்கமின்மை, பசியின்மை, நடையில் தளர்வு ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள் ஆகும். இரவில் உறங்காதவர் மூச்சுத் திணறலால் எழுந்து அமர்ந்தாரா, கவலையால் விழித்திருந்தாரா என்பதைக் கேட்டுத்தான் அறிய முடியும். தமிழ்நாட்டில் பலர் மனத்துயரையும் "அசதி", "படபடப்பு", "நெஞ்சு அடைக்கிறது" என உடல்மொழியிலேயே கூறுவதால் சிக்கல் மேலும் கூடுகிறது. "இதய நோய் வந்தவருக்கு இது இயல்புதானே" என்று வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவரும் விட்டுவிடுகின்றனர்.

வினாத்தாள் கொண்டு கணக்கிட்டால் எண்ணிக்கை கூடுவதும் இதனாலேயே. மேற்கூறிய பகுப்பாய்வில் வினாத்தாள் வழி 33.6% பேரும், நேர்காணல் வழி 19.3% பேரும் மனச்சோர்வு உடையோராகக் கணக்கிடப்பட்டனர். ஆகவே வினாத்தாளில் கூடுதல் மதிப்பெண் பெற்றவரை நேரில் உசாவி உறுதி செய்வது முறையாகும். எதிலும் மகிழ்ச்சியின்மை, பயனற்றவர் என்னும் எண்ணம், குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைவு ஆகியவை இதய நோயால் மட்டும் வருவன அல்ல. இவையே நம்பத்தக்க அடையாளங்கள்.

தொடர்புக்கான காரணங்கள்

மனச்சோர்வில் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது, கார்ட்டிசால் மிகுகிறது, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பெருகுகின்றன. நலிந்த இதயத்திலும் இம்மாற்றங்களே நிகழ்வதால் ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

அன்றாட நடத்தை வழியான தொடர்பு இன்னும் எளிதில் விளங்கக்கூடியது. இந்நோயாளர் நாள்தோறும் எடை பார்த்து, உப்பைக் குறைத்து, பல மாத்திரைகளை வேளை தவறாமல் உண்ண வேண்டும். மனம் தளர்ந்தவருக்கு இது பெரும் சுமை. ஊறுகாயும் கருவாடும் மீண்டும் தட்டுக்கு வருகின்றன. பேருந்துப் பயணத்தின்போது சிறுநீர் தொல்லை தரும் என்று நீர் பிரிக்கும் மாத்திரையைத் தவிர்ப்போரும் உண்டு. சில நாட்களில் கால் வீங்கி, மூச்சு முட்டுகிறது.

இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான்களே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. 35,000-க்கு மேற்பட்டோர் பங்குபெற்ற 15 ஆய்வுகளை 2002 இல் தொகுத்துப் பார்த்தபோது, களைப்பு சிறிதளவு கூடினாலும் மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை எனத் தெரிந்தது. இம்மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது.

சிகிச்சை

மனச்சோர்வு மாத்திரைகள் இதய நோயாளரின் ஆயுளையும் நீட்டிக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 2010 இல் வெளியான 469 பேர் கொண்ட ஆய்வில் செர்ட்ராலின், வெற்று மாத்திரையைவிட மேம்பட்டதாக இல்லை. இரு பிரிவினருக்கும் செவிலியரின் ஆதரவு கிடைத்தது. இரு பிரிவினருமே ஓரளவு தேறினர் என்பது குறிப்பிடத்தக்கது. 2016 இல் வெளியான, 372 பேர் கொண்ட செருமானிய ஆய்வில் எசிட்டலோபிராமும் இறப்பையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ குறைக்கவில்லை.

பேச்சுவழிச் சிகிச்சைக்குச் சான்று கூடுதலாக உள்ளது. 158 பேரிடம் நடத்தி 2015 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அறிதல்-நடத்தைச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் நோயாளரின் தற்கவனிப்பு மேம்படவில்லை. 2,300-க்கு மேற்பட்டோர் பங்குபெற்ற மற்றோர் ஆய்வில், மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி மனச்சோர்வைச் சிறிதளவு தணித்தது.

மாத்திரை தேவைப்படின் பழைய மூவளைய மருந்துகள் இதயத்துடிப்பைச் சீர்குலைக்கக்கூடும் என்பதால் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. புதியவற்றை நீர் பிரிக்கும் மாத்திரையுடன் உண்ணும் முதியோருக்குக் குருதியில் சோடியம் குறையலாம். குழப்பமும் தலைசுற்றலும் அதன் அறிகுறிகள்.

தமிழகச் சூழல்

சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பொதுமக்களிடையே மனச்சோர்வு 15.1% எனக் கண்டது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நாட்டில் மனச்சோர்வு உடையோருள் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

கொங்கு நாட்டில் வெள்ளகோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் இந்நோய் வேலையிழப்பாகவும் அமைகிறது. தறிக்கூடத்தில் நின்று பணிபுரிய இயலாதவர் வீட்டில் முடங்கும்போது வருமானமும் பழகிய கூட்டமும் ஒருசேரப் போகின்றன. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறக்கப்பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் (2021) குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குகிறது. 2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.