இருபது அடி இடம்

நாற்பத்து நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழக்கிவிட்ட வாத்தியார் சந்து பொந்தெல்லாம் ஓட்ட வைத்தார். ஆனால் வரிசையாக நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே, நடைபாதையை ஒட்டி வண்டியைச் சொருகுகிற வித்தையை மட்டும், "அது தானா வந்துடும் சார்" என்று விட்டுவிட்டார். தானாக வரவில்லை. ஒரு நாள் மாலை மயிலாப்பூர் மாட வீதியில் ஏழு தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். கடைசியில் இளநீர் விற்கிறவர் வந்து, "மூஞ்சிய வுட்டா போவாது சார், பின்னாலயே வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க" என்று கைகாட்டித்தான் நுழைந்தேன். அதற்குள் என் மனைவி புடவையே வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அவர் சொன்னதில் கணிதம் இருக்கிறது. திரும்புகிறவை முன் சக்கரங்கள்தான். பின் சக்கரங்கள் இழுத்த இழுப்புக்கு வரும். முகத்தை முதலில் நுழைத்தால் பின்பக்கம் தெருவிலேயே நின்றுவிடும். பின்பக்கத்தை முதலில் ஓரத்தில் சேர்த்துவிட்டால், முகத்தை வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

இது கிடக்கட்டும். தெருவோரத்தை அளந்து, கோடு கிழித்து, காசுக்கு விட்ட மகானுபாவர் யார் என்று கோபத்தோடு தேடப் போனேன். கிடைத்தவர் என்னைப்போல் எழுதிப் பிழைத்தவர்! கார்ல் மேகி என்று பெயர். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்துப் பத்திரிகாசிரியர். மந்திரி ஆல்பர்ட் ஃபாலின் பண்ணை திடீரென்று செழித்ததைப் பற்றி 1923இல் ஸெனட் விசாரணையில் சாட்சி சொன்னார். எண்ணெய் முதலாளியிடம் லஞ்சம் வாங்கியதற்காக ஃபால் பிற்பாடு சிறைக்குப் போனார்.

மேகிக்கு உள்ளூரில் ஒரு நீதிபதியின் பகை இருந்தது. 1925இல் ஒரு ஹோட்டலில் அந்த நீதிபதி அவரைக் கீழே தள்ளி உதைத்தார். விழுந்த நிலையிலேயே மேகி துப்பாக்கியால் சுட்டார். ஒரு குண்டு நீதிபதியின் கையில் பட்டது. இன்னொன்று, விலக்கிவிட ஓடி வந்த மனிதரைக் கொன்றுவிட்டது. வழக்கில் மேகிக்கு விடுதலை. நான் இந்த இடத்தைத் தாண்டி வெகு நேரம் படிக்கவில்லை. உதவ வந்தவர் அல்லவா?

பிறகு அவர் ஓக்லஹோமா நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கடைச் சிப்பந்திகள் காலையில் நிறுத்திய வண்டியை மாலையில்தான் எடுப்பார்கள், வாடிக்கைக்காரருக்கு இடமில்லை. காசு போட்டால் ஓடும் கடிகாரம் ஒன்றை மேகி யோசித்தார். பேராசிரியர் ஹோல்கர் தூசனும் ஜெரால்டு ஹேலும் அதைச் செய்து கொடுத்தார்கள். 1935 ஜூலை 16 அன்று முதல் கடிகாரம் நடப்பட்டது. மணிக்கு ஐந்து ஸென்ட். இருபது அடிக்கு ஒன்றாக நட்டு, தரையில் கோடும் போட்டார்கள். பொதுத் தெருவில் நிற்க வாடகையா என்று ஜனங்கள் கொதித்தார்கள். கடைக்காரர்களோ, எங்கள் பக்கமும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த இருபது அடிக்குள் நுழையத் தெரியாதவர்கள் அங்கேயும் ஏராளம் போலிருக்கிறது. ப்ரூக்ஸ் வாக்கர் என்ற கலிபோர்னியாக்காரர் டிக்கியில் ஐந்தாவது சக்கரம் வைத்து, காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் உருட்டிக் காட்டினார். எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. 2003இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பி நின்றுகொண்டது. என் வண்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

போன வாரம் அதே மாட வீதியில் மூன்றே தடவையில் நுழைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், இளநீர்க்காரர் அன்றைக்கென்று வரவில்லை.