இரண்டு டிவ்எக்ஸ்களின் கதை

நண்பர் ஒருவர் திரைப்படமொன்றைக் குறுந்தகட்டில் பதிந்து அனுப்புவார். அது கணினியில் ஓடும். கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடாது. பதினைந்து அங்குலத் திரையைச் சுற்றி நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் அமர்ந்தவர் துணைத்தலைப்பை வாசிக்கக் கழுத்தை வளைத்துக்கொண்டு, உலக சினிமாவின் பெரும்பகுதியை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். பெரிய திரையோ பத்தடி தூரத்தில் சும்மா கிடந்தது. அந்தப் பத்தடியைக் கடக்க ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின என்று திரும்பிப் பார்க்கும்போது, தொழில்நுட்பத்தின் கதையோடு வேறொரு கதையும் தென்படுகிறது.

முதலில் அந்த இரண்டு திரைகளும் ஒரே இனத்தவை அல்ல. நம் நாட்டில் வழங்கிய பால் முறைத் தொலைக்காட்சி, நொடிக்கு 25 படங்களை, ஒவ்வொன்றையும் 625 கோடுகளாகப் பிரித்து வரைந்தது. அதுவும் ஒரே மூச்சில் அல்ல. ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை. கணினித் திரை எல்லாக் கோடுகளையும் வரிசையாக, ஒரே வீச்சில் வரையும். கணினியிலிருந்து கம்பி இழுத்துத் தொலைக்காட்சியில் செருகியவர்கள் இதைக் கண்ணால் அறிந்தார்கள். மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கின. ஓரங்கள் வெட்டுப்பட்டன. எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போலக் கலங்கின.

இரண்டுக்கும் இடையே முதற்பாலம் அமைத்தது வீடியோ குறுந்தகடு. 1988இல் தொடங்கப்பட்ட எம்பெக் என்னும் வல்லுநர் குழு, இத்தாலியரான லியனார்டோ கியரிலியோனேயின் தலைமையில் ஒரு சுருக்கமுறையை வகுத்தது. இசைத்தட்டு ஒலியைத் தரும் அதே வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 15 இலட்சம் பிட்டுகளில், படத்தையும் ஒலியையும் சேர்த்தே தருவது அதன் இலக்கு. 1993இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் அதைக் கொண்டு விசிடியின் தரத்தை நிர்ணயித்தன. ஒரு தகட்டுக்கு 74 நிமிடங்கள். பால் முறையில் 352க்கு 288 புள்ளிகள். மேற்குலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆசியா வாரி அணைத்துக்கொண்டது. நம் படங்கள் இரண்டு, மூன்று தகடுகளாகப் பிரிந்தன; தகடு தீரும் இடமே இடைவேளை ஆயிற்று. அதே தகடு கணினியிலும் ஓடியது என்பதுதான் இங்கே முக்கியம்.

அடுத்து வந்த டிவிடி தரத்தை உயர்த்தியது. கூடவே பூட்டையும் கொண்டுவந்தது. அந்தப் பூட்டு போதாது என்று கருதியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்னும் மின்சாதனக் கடை நிறுவனம், ஹாலிவுட் சட்ட நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 1998இல் 'டிவ்எக்ஸ்' என்றொரு தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாலரை டாலர் அளவில் வாங்கிவிடலாம். ஆனால் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் உரிமை தீர்ந்துவிடும். மீண்டும் பார்க்க மீண்டும் பணம். பெட்டி தொலைபேசிக் கம்பிவழியே தலைமையகத்தை அழைத்துக் கணக்கு ஒப்புவிக்கும். தகடு நம் அலமாரியில் இருக்கும், படம் நம்முடையதாக இராது. மக்கள் வெகுண்டார்கள். 1999 ஜூனில் கடை மூடப்பட்டது. 2001 நடுவில் சரிபார்ப்புக் கணினிகளும் நின்றுபோக, அந்த முறை முற்றாக அணைந்தது.

இறந்த அந்தப் பெயரைத்தான் பிரெஞ்சு இளைஞர் ஒருவர் எடுத்து, பின்னால் கண்சிமிட்டும் முகக்குறியொன்றை ஒட்டி, கேலியாகத் தன் படைப்புக்குச் சூட்டினார். ஜெரோம் ரோத்தா என்பது அவர் பெயர். மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 சுருக்கமுறையில் அவர் தம் வேலைகளின் மாதிரிப்படங்களைச் சேமித்து வைத்திருந்தார். அந்நிறுவனத்தின் புதிய இயக்கமென்பொருள் அந்தக் கோப்புகளைத் திறக்க மறுத்தது. தம் கோப்பைத் தாமே பார்க்க முடியாத நிலையில், அவர் பூட்டைத் தளர்த்தினார். விளைவு, இரண்டு மணி நேரப் படம் 700 மெகாபைட் குறுந்தகடு ஒன்றுக்குள் அடங்கியது. அதே 1999இல் நார்வேயின் யோன் லெக் யோஹான்சன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் தொடர்புற்ற நிரலொன்று டிவிடியின் பூட்டையும் திறந்தது. அவன்மீது தொடரப்பட்ட வழக்கில் 2003இல் நீதிமன்றம் இருமுறை விடுதலை அளித்தது. தான் வாங்கிய தகட்டைப் பார்ப்பது குற்றமன்று என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டு திறப்புகளின் வழியே திருட்டுப் பிரதிகளும் வெள்ளமாகப் பாய்ந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. படைத்தவருக்குச் சேரவேண்டியது சேரவில்லை. நாங்கள் பார்த்த படங்கள் பலவும் அந்த வெள்ளத்தில் வந்தவையே.

கோப்பு கைக்கு வந்துவிட்டது, கூடத்துக்கு வரவில்லை. கணினி எதையும் மென்பொருள்வழியே கற்றுக்கொள்ளும் மாணவன். தகட்டு இயக்கியின் சில்லோ பிறக்கும்போது கற்றதோடு சரி. 2003ஐ ஒட்டி டென்மார்க்கின் கிஸ் நிறுவனம் டிவ்எக்ஸ் கோப்பைப் படிக்கும் டிவிடி இயக்கியை விற்கத் தொடங்கியது. மலிவான சீன இயக்கிகள் பின்தொடர்ந்தன. ஆனாலும் நுணுக்கமான சுருக்க உத்திகள் கையாளப்பட்ட கோப்பு வந்தால் அவை திகைத்து நின்றன. தமிழ்த் துணைத்தலைப்பு என்றால் வெறும் கட்டங்கள்தாம். மறுபுறம், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்குள் கணினி ஒளிந்திருப்பதைக் கண்ட ஆர்வலர்கள், 64 மெகாபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டே அதைத் திரைப்பட இயக்கியாக மாற்றினார்கள். 2004இல் எக்ஸ்பிஎம்சி என்று நிலைபெற்ற அந்த மென்பொருள் 2014இல் கோடி என்று பெயர் மாறி இன்றும் வாழ்கிறது. அதை ஆக்கியவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்பது நினைவில் நிற்கவேண்டியது.

பிறகு எல்லாம் எளிதாயிற்று. தட்டைத் திரைகள் வந்தபோது தொலைக்காட்சியே கணினித் திரையாகிவிட்டது. எச்டிஎம்ஐ கம்பி ஒன்றே போதும் என்றாயிற்று. பெட்டியின் பக்கவாட்டில் யுஎஸ்பி துளை முளைத்தது. பென்டிரைவைச் செருகினால் படம் ஓடிற்று. பத்தடி தூரம் ஒருவழியாகக் கடக்கப்பட்டது.

ஆனால் கடந்த கையோடு கோப்பு மறையத் தொடங்கியது. இன்று திரை இணையத்திலிருந்து நேரே படத்தைப் பெறுகிறது. வாடகைக்கு எடுத்தால், பல சேவைகளில் தொடங்கிய 48 மணி நேரத்தில் உரிமை தீர்கிறது. 1998இல் மக்கள் சினந்து புறக்கணித்த அதே எண். அன்று பெட்டி இரவில் தொலைபேசியில் ஒப்புவித்த கணக்கை இன்றைய பெட்டி ஓயாமல் ஒப்புவிக்கிறது. சந்தா கட்டிப் பார்த்த படமும் உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒருநாள் காணாமற்போகிறது. முதல் டிவ்எக்ஸ் தோற்றுப்போகவில்லை, சற்று முந்திப் பிறந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

அண்மையில் எங்கள் பழைய தகடுகளை எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். சில கீறிப்போயிருந்தன. சிலவற்றின் பூச்சு உதிர்ந்திருந்தது. மற்றவை ஓடின, எவரிடமும் அனுமதி கேளாமல். பெரிய திரையில் பார்க்கையில் படம் கட்டங்கட்டமாகச் சிதறுகிறது. தரம் இன்றைய கண்ணுக்கு உவப்பாக இல்லை. இருந்தாலும் நண்பரின் கையெழுத்து மேலிருக்கும் அந்தத் தகட்டை அவர் மகளிடம் கொடுக்க முடிந்தது. நாம் சந்தா கட்டிப் பார்ப்பவற்றில் எதையும் அப்படி ஒருவர் கையில் கொடுத்துவிட முடியாது.