கையறவும் ஆற்றுதலும்: பேரிடர்க்குப் பின் கைவினைக் கூடல்கள்

1. முன்னுரை

இயற்கைப் பேரிடரால் நலிந்தோர்க்கு உணவும் வீடும் தொழிலும் அளித்தல் நெடுங்கால வழக்கம். அவர்தம் மனத்துயரையும் நிவாரணப் பணிக்குரிய பொருளாகக் கொள்ளுதல் இந்தியாவில் அண்மைக்காலத்தது. அதன் வரலாற்றில் புணே நகருக்கும் தமிழகக் கடற்கரைக்கும் உரிய இடத்தையும், அதனைத் தமிழில் பெயர்த்துரைக்கையில் எழும் சொற்சிக்கலையும் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

2. புணேயின் இடம்

1993 செப்டம்பர் 30ஆம் நாள், விநாயகர் சிலைகளை நீரில் கரைத்துவிட்டு மக்கள் உறங்கிய பின், விடியுமுன்னர், மராட்டிய மாநிலத்தின் கிள்ளாரிப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். பாரதிய ஜைன சங்கடனா என்னும் அமைப்பு ஏறத்தாழ 1,200 சிறுவர்களைப் புணேக்கு அழைத்துவந்து உறைவிடமும் கல்வியும் அளித்தது. பாதிக்கப்பட்டோரின் மனநலத் தேவைகளை ஆராயும் பொறுப்பும் புணேக்கே வாய்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டமான அதற்குத் தலைமை ஏற்றவர், அந்நகரில் அமைந்த மராட்டிய மனநல நிறுவனத்தின் முதல் இயக்குநர் மோகன் ஆகாஷே. இவர் புகழ்பெற்ற மேடை நடிகருமாவார். பெர்லின் நகரத்துக் 'கிரிப்ஸ்' சிறுவர் நாடக இயக்கத்தை 1986இல் மராத்தி மேடைக்குக் கொணர்ந்ததில் முதன்மைப் பங்கு இவருடையது. கலையும் மருத்துவமும் ஒருவரிடமே அமைந்திருந்தும், அத்திட்டத்தின் மொழி 'சேவைத் தேவை', 'சேவை வழங்கல்' என மருத்துவ நிர்வாக மொழியாகவே இருந்தது.

மராட்டியப் பெண்களிடம் துயருக்கெனத் தனியொரு மொழி முன்பே இருந்தது. திரிகை சுற்றுகையில் அவர்கள் பாடிய 'ஓவி' என்னும் பாடல் வகையே அது. புணேயைச் சார்ந்த ஹேமா ராயிர்கர், கி புவாத்வேன் ஆகியோர் 1980களில் தொடங்கிய தொகுப்பில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஓவிகள் இடம்பெற்றன. கை உழைக்க, வாய் பிறந்தகத்தையும் இழந்தோரையும் நினைந்து பாடியது. மாவு அரைக்கும் ஆலைகள் பெருகித் திரிகை ஓய்ந்தபோது, பாடுதற்குரிய வேளையும் உடன் மறைந்தது. பாட்டு கைத்தொழிலை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

3. தமிழகக் கடற்கரை

கைத்தொழிலுக்கும் துயருக்கும் உள்ள இத்தொடர்பு பேரிடர்க்குப் பின் தெளிவுற வெளிப்பட்ட இடம் தமிழகமாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டில் ஆரோவில்லின் 'உபாசனா' வடிவமைப்புக் கூடம், உமா பிரஜாபதியின் முயற்சியால், அருகிலிருந்த மீனவப் பெண்களைக் கூட்டித் துணி வெட்டுகளில் சிறு பொம்மைகள் செய்யப் பயிற்றியது. பொம்மைக்கு விலை இல்லை. அது கொடையாகவே வழங்கப்பட்டது. பெறுவோர் விரும்பி அளித்த தொகையே பணியைத் தாங்கியது. பொம்மையின் பெயர் 'சுனாமிகா'. துறைமுக அலை எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லோடு, சிறுமைப் பொருள் தரும் வடமொழிப் பெண்பால் ஈறு 'இகா' சேர்ந்த வடிவமாக இதனைக் கொள்ளலாம். அச்சந்தந்த பேரலை, இவ்வீற்றால் கையில் அடங்கும் சிறுமியாயிற்று.

4. சொற்சிக்கல்

இத்தகைய பணியை 'உளவியல் சிகிச்சை' எனப் பெயர்ப்பது பெருவழக்கு. அச்சொல் துயருற்றவரை நோயாளியாக்குகிறது. கூடித் தைத்த பெண்ணோ நோயாளி அல்லள், செய்பவள். 'பட்டறை' என்பது கொல்லன் உலைக்களத்தை நினைவூட்டுகிறது. 'பயிலரங்கு' கற்பிப்போரை மேலே நிறுத்துகிறது.

தமிழ் மரபோ வேறு வழி காட்டுகிறது. இறந்தோர்க்கு இரங்குதலைத் தொல்காப்பியம் 'கையறுநிலை' என்கிறது. செயலற்று நிற்றலே துயரின் இலக்கணம் என்பது இதனால் பெறப்படும். அதற்கு மறுதலையாக நிற்பது 'ஆற்றுதல்'. சூட்டையும் பசியையும் துயரையும் தணிப்பதும் ஆற்றுதல். கடமையைச் செய்வதும் ஆற்றுதல். கலித்தொகை (133) துன்புற்றோர்க்கு உதவுதலையே ஆற்றுதலுக்கு விளக்கமாகத் தருகிறது. இவற்றின் வேர் ஒன்றா பலவா என்பது தனி ஆய்வுக்குரியது; வழக்கில் வடிவம் ஒன்றாகி நிற்றலே இங்கு வேண்டுவது. ஈழத்தமிழில் நாடக நிகழ்த்துகை 'ஆற்றுகை' எனவும், உளத்துணை 'ஆற்றுப்படுத்தல்' எனவும் வழங்குவதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

5. முடிவுரை

நிவாரண ஆவணத்தின் சொல், துயருற்றோர் எந்நிலையில் அழைக்கப்படுகின்றனர் என்பதை முன்னரே முடிவுசெய்துவிடுகிறது. 'சிகிச்சைக்கு வருக' என்னும் அழைப்பு அவர்களிடம் குறையைக் காண்கிறது. 'கூடிச் செய்வோம்' என்பது திறனைக் காண்கிறது. திரிகை சுற்றிய கையும் பொம்மை தைத்த கையும் காட்டுவது, கையறவு நீங்கக் கைக்குத் தொழில் வேண்டும் என்பதே. ஆதலின் இப்பணிகளைக் குறிக்க 'ஆற்றுகை' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளுதல் பொருத்தமுடையதாகும்.