குரலை நம்பிய தீர்ப்பு

2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, பிரிட்டன் விசாவுக்கான டோயிக் ஆங்கிலத் தேர்வில் நடந்த ஆள்மாறாட்டத்தைப் படம்பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. உடந்தையாக இருந்தவர்கள் சிறைக்கும் போனார்கள். ஆனால் தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனம், 2011 முதல் எழுதப்பட்ட சுமார் 58,000 தேர்வுகளின் குரல் பதிவுகளை ஒப்பிட்டு, 97 சதவீதத்தைச் சந்தேகத்துக்குரியவை என்றது. நூற்றில் மூவர்தான் நேர்மையானவர்களா? இந்த எண்ணே உள்துறை அமைச்சகத்தைத் தயங்க வைத்திருக்க வேண்டும். அதுவோ அதை அப்படியே ஏற்று, ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாக்களைப் பறித்தது. பலருக்கு பிரிட்டனில் இருந்தபடி மேல்முறையீடு செய்யும் வழிகூட அப்போது இருக்கவில்லை.

குரல் ஒப்பீட்டில் அப்பாவிகள் சிக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று ஒலியியல் நிபுணர் பீட்டர் பிரெஞ்ச் மதிப்பிட்டார். 2022இல் மேல் தீர்ப்பாயமும் அரசின் ஆதாரம் போதுமானது என்றது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்த மதிப்பீடு, இரண்டு பதிவுகளில் கேட்பது ஒரே குரலா என்பதற்கு மட்டுமே பதில். அந்தப் பதிவு இந்த மாணவருடையதுதானா என்பது வேறு கேள்வி. மோசடிக்குத் துணைபோன மையங்களே கோப்புகளைக் கையாண்டு அனுப்பின. அங்கே பெயர் மாறியிருந்தால் எந்தக் கணினியும் அதைக் கண்டுபிடிக்காது. மேல்முறையீடு செய்தவர்களில் சுமார் 3,600 பேர் வென்றதாக 2019இல் தேசியத் தணிக்கை அலுவலகம் பதிவுசெய்தது.