எல்லையூர்ப் பள்ளிகளில் கணினிக் கல்வி: நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலைப் பகுதிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புதிய கல்வி ஒன்று ஒரு நாட்டில் அறிமுகமாகும்போது அது எவ்வாண்டில் வந்தது என்பது மட்டும் வரலாறு ஆகாது. அது யாருக்கு முதலில் கிடைத்தது, யாருக்குப் பிந்திக் கிடைத்தது, எந்த மொழியில் கிடைத்தது என்பனவும் வரலாற்றின் பகுதிகளே. எழுத்துக் கல்விக்குப் பொருந்தும் இவ்வினாக்கள் கணினிக் கல்விக்கும் பொருந்தும். கேரளத்தின் தென்கோடியில், தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்களில் உயர்நிலைப் பள்ளிக் கணினிக் கல்வி வேரூன்றிய முறையையும், அங்குள்ள தமிழ் மாணவர்க்கு அது திறந்துவிட்ட வாய்ப்பையும் எழுப்பிய சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் மொழியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப் பாதையில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தனுவச்சபுரம் அமைந்துள்ளது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழகம் தொடங்குகிறது. முன்பு 47ஆம் எண்ணும் இன்று 66ஆம் எண்ணும் கொண்ட தேசிய நெடுஞ்சாலை இவ்வெல்லையை ஊடறுத்துச் செல்கிறது. சாலையும் சந்தையும் உறவுமுறையும் இருபுறமும் தொடர்ந்தே இருக்க, ஆட்சியும் பாடநூலும் மட்டும் வேறாகின்றன.

இவ்வேறுபாடு பழமையானதன்று. 1956 நவம்பர் 1 வரை இருபுறமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்துடன் இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கொண்ட அப்போராட்டத்தின் பயனாகவும் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படியும் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. இதன் விளைவாக இவ்வட்டத்துத் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அதே 1956இல் ஏழாம் திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதியை உண்டாக்குமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் அப்பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. கணினிக் கல்வியோ உயர்நிலை வகுப்பில்தான் முதன்மை பெறுகிறது. இவ்விடைவெளியே பின்னர் எழும் சிக்கலுக்கு வித்து எனலாம்.

பள்ளி வாயிலின் முன்வரலாறு

திருவிதாங்கூரில் 1817இல் அரசி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட ஆணை, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை அறிவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கம் பாறசாலையை ஒரு நடுவமாகக் கொண்டு பணிபுரிந்தது. எனினும் ஆணையும் பள்ளியும் இருந்தமையால் எல்லாரும் உள்ளே நுழைந்துவிடவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்து ஊருட்டம்பலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்னும் புலையர் சமூகச் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றதும், அதனை எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்ததும் கேரளக் கல்வி வரலாற்றில் அழியா இடம்பெற்ற நிகழ்ச்சிகள். 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் சூட்டியது.

கணினிக் கல்வியைப் பற்றிய கட்டுரையில் இந்நிகழ்ச்சி இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. ஓர் அறிவுக்கருவியை விருப்பப்பாடமாக வைத்தால் வசதியுடையார் மட்டுமே அதனை அடைவர். அனைவர்க்கும் கட்டாயமாக்கினால்தான் கடைசி இருக்கையில் அமரும் மாணவரையும் அது எட்டும் என்னும் படிப்பினையை இவ்வட்டம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டது. பின்னாளில் தனுவச்சபுரம் ஒரு கல்வி ஊராகவே வளர்ந்தது. 1964இல் தொடங்கப்பட்ட வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி, அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், என்.கே.எம். அரசு மேல்நிலைப் பள்ளி, ஐ.எச்.ஆர்.டி. நிறுவனத்தின் பயன்பாட்டு அறிவியல் கல்லூரி ஆகியன இச்சிற்றூரில் அமைந்துள்ளன.

கிளாஸ் திட்டம் முதல் ஐ.டி. அட் ஸ்கூல் வரை

இந்தியப் பள்ளிகளில் கணினியைப் புகுத்தும் முதல் பெருமுயற்சி 1984–85இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டமாகும். பிரித்தானியத் தயாரிப்பான பி.பி.சி. மைக்ரோ கணினிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் வழங்கப்பட்டன. அக்கணினியின் பெரிதும் அறியப்பட்ட வகையின் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. பாடத்திட்டத்தோடு பிணைக்கப்படாமல் தனியே நின்ற அத்திட்டம் பரவலான பயன் தரவில்லை. கருவி வந்தது, பாடம் வரவில்லை என்று அதன் குறையைச் சுருக்கிக் கூறலாம்.

கேரளம் இக்குறையிலிருந்து வேறொரு வழியைத் தேர்ந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான பணிக்குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் உருவாயிற்று. எட்டாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தகவல் தொழில்நுட்பம் தனிப்பாடமாக்கப்பட்டு, 2005 அளவில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலும் இடம்பெற்றது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவரே தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். வெளியிலிருந்து வல்லுநரைக் கொணராமல், கணக்கும் அறிவியலும் மொழியும் கற்பித்த ஆசிரியர்களையே பயிற்றுவித்தது இத்திட்டத்தின் தனித்தன்மையாகும். தலைநகரிலோ எல்லைச் சிற்றூரிலோ எங்கிருப்பினும் அரசுப் பள்ளிக்கு ஒரே பாடம், ஒரே தேர்வு என்னும் நிலை இதனால் ஏற்பட்டது.

2004 செப்டம்பர் 20இல் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளின் துணையுடன், 2005 ஜூலை 28இல் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் ‘விக்டர்ஸ்’ கல்வி வலையமைப்பைத் தொடங்கிவைத்தார். 2017இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாறியது. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 4,752 பள்ளிகளில் எட்டு முதல் பன்னிரண்டு வரையான 45,000 வகுப்பறைகள் கருவி வசதி பெற்றன. அதே ஆண்டில் மாணவர்களுக்கான ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களும் தோன்றின.

கட்டற்ற மென்பொருளும் தாய்மொழித் திரையும்

தொடக்க ஆண்டுகளில் பள்ளிகளில் பயன்பட்டது தனியுரிமை மென்பொருளே. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டதும், ஒரே வணிக நிறுவனத்தின் பொருளைப் பாடமாக்குவது முறையா என்று ஆசிரியர் அமைப்புகள் வினா எழுப்பியதும் இந்நிலையை மாற்றின. 2000களின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிகள் படிப்படியாக குனு/லினக்சு இயங்குதளத்துக்கு மாறின. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் தழுவிப் பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளமே உருவாக்கப்பட்டது.

இம்மாற்றத்தைச் செலவுக் குறைப்பாக மட்டும் காண்பது முழுமையாகாது. மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளை எந்த மொழிக்கும் பெயர்க்கலாம். எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. தமிழில் இப்பணியை உலகெங்கும் வாழ்ந்த தன்னார்வலர்கள் 1990களின் இறுதியிலிருந்தே செய்துவந்தனர். ஆகவே மலையாளத்துடன் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் பள்ளித் திரையில் இடம்பெற வழி பிறந்தது. பாடநூல்களும் தமிழ், கன்னட வழி மாணவர்க்கென அவரவர் மொழியில் அச்சிடப்பட்டன. எண்ணிக்கையில் சிறியதான ஒரு மொழிக்குழுவுக்காக வணிக நிறுவனம் தன் பொருளை மாற்றியமைப்பது அரிது. இக்கல்வி எல்லைத் தமிழ் மாணவரை அவர் மொழியிலேயே எட்டியதற்குக் கட்டற்ற மென்பொருள் ஒரு முதன்மைக் காரணம் எனத் துணியலாம்.

பாடமும் தேர்வும்

2016இல் நடைமுறைக்கு வந்த பத்தாம் வகுப்புப் பாடநூல் இங்க்ஸ்கேப் கொண்டு வரைகலை, லிப்ரே ஆபீசு கொண்டு ஆவணம் அமைத்தல், வலைப்பக்க வடிவமைப்பு, பைத்தான் நிரலாக்கம், கணினி வலையமைப்பு, கியூஜிஐஎஸ் கொண்டு நிலப்பட வாசிப்பு, தரவுத்தளம், அசைவூட்டம் ஆகியவற்றை உள்ளடக்கியிருந்தது. தன் ஊரின் நிலப்படத்தில் பள்ளியையும் சாலையையும் குளத்தையும் அடுக்கடுக்காகப் பதியும் பயிற்சியில், தரவு என்பது புறத்தேயுள்ள பொருளன்று, தன்னைச் சூழ்ந்த உலகின் பதிவே என்பதை மாணவர் உணர வாய்ப்பு ஏற்படுகிறது. நெய்யாற்றையும் எல்லைக்கோட்டையும் அறிந்த மாணவருக்கு இப்பயிற்சி மேலும் பொருளுடையது.

தேர்வு முறையும் வேறுபட்டது. ஐம்பது மதிப்பெண் கொண்ட இத்தேர்வு கணினியிலேயே நிகழ்வது. வினாவை மென்பொருளே எழுமாறாகத் தேர்ந்தளிக்க, மாணவர் செய்து காட்டுகிறார். எனவே மனப்பாடத்துக்கு இடம் குறைகிறது. 2025இல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் எந்திரனியல் பாடம் அறிமுகமானது இவ்வளர்ச்சியின் அடுத்த படியாகும்.

தரவு என்னும் கருத்து

எண்ணிமத் தரவின் அடிப்படையை விளக்க எல்லையூரின் பெயரே நல்ல சான்றாகும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் என்று உலகப் பொதுவாக வகுத்தது யூனிகோடு. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் மலையாளமும் தனித்தனித் தொகுதிகளைப் பெற்றன. ‘பாறசாலை’ என்னும் சொல் நம் கணக்கில் நான்கு எழுத்து. கணினியின் கணக்கிலோ ப, கால், ற, ச, கால், ல, ஐகாரக்குறி என ஏழு குறிகள். யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆதலின் இச்சொல் 21 பைட்டு இடம் கொள்ளும். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்பது எழுத்துக்கு ஒன்பது பைட்டே போதும்.

இச்சிறு கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஒன்று, இலக்கணம் கூறும் எழுத்தும் கணினி சேமிக்கும் குறியும் ஒன்றல்ல. இரண்டு, குறியீட்டு முறைகள் இயற்கையில் அமைந்தவை அல்ல. மாந்தர் கூடி முடிவுசெய்தவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு பல்வேறு எழுத்துருக் குறியீடுகளையும் விசைப்பலகைகளையும் ஒழுங்குபடுத்த முயன்றதும், அதன்வழித் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டதும், 2010இல் தமிழக அரசு யூனிகோட்டை ஏற்றதும் இம்முடிவுகளின் வரலாறே. மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரும் கணினியைக் கற்பிக்கும் ஆசிரியரும் ஒருவராகவே இருக்கும் பள்ளியில் இவ்வுண்மையை ஒரே வகுப்பில் விளக்கிவிட இயலும்.

எல்லைக்கு அப்பால்

தமிழகத்தின் வரலாறு வேறு பாதையில் சென்றது. அங்குக் கணினி அறிவியல் மேல்நிலை வகுப்புகளில் விருப்பப்பாடமாக வளர்ந்தது. 2005இல் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் ஸ்டார் ஆபீசையும் சி++ மொழியையும் கற்பித்தது. 2019இல் பைத்தான் இடம்பெற்றது. 2011 செப்டம்பரில் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. எனினும் பத்தாம் வகுப்புவரை கணினி தனிப்பாடமாகவில்லை. 2018க்குப் பின் வந்த புதிய நூல்களில் அறிவியல் பாடத்தின் இறுதி அலகுகளாகவே அது இணைக்கப்பட்டது; பத்தாம் வகுப்பில் ‘காட்சித் தொடர்பு’ என்னும் அலகு ஸ்கிராட்ச் மென்பொருளை அறிமுகம் செய்தது. சுருங்கக்கூறின், கேரளம் அனைவர்க்கும் முன்னதாக அடிப்படையைக் கொடுத்தது. தமிழகம் தேர்ந்தவர்க்குப் பின்னதாக ஆழத்தைக் கொடுத்தது.

இவ்விரு பாதைகளும் சந்திக்குமிடம் எல்லையூரே. பாறசாலைப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு முடித்துக் குமரி மாவட்டத்தில் மேல்நிலைக் கல்விக்குச் செல்லும் தமிழ் மாணவர் கருவி அறிவில் முந்தி நிற்கலாம். ஆனால் கலைச்சொல்லில் தடுமாற நேரிடும். ஒரு மாநிலத்து நூல் மலையாள, ஆங்கில மூலங்களை ஒட்டி அமைவது. மற்றது தமிழகக் கலைச்சொல் மரபில் எழுந்தது. தரவு, தகவல், கோப்பு, கோப்புறை, நிரல் போன்ற அடிப்படைச் சொற்கள் இருபுறமும் ஒன்றுபட்டிருத்தல் மாணவர்க்கு இன்றியமையாதது. இலங்கையிலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் தமிழ்வழியில் பள்ளிப் பாடமாக உள்ளமையால் இச்சொற்சிக்கல் மூன்று நிலத்துக்கும் பொதுவானது.

பெருந்தொற்றுக் காலம் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. 2020 ஜூன் 1இல் கேரளம் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளை விக்டர்ஸ் வழித் தொடங்கியது. 2019இல் தோன்றிய ‘கல்வித் தொலைக்காட்சி’யைத் தமிழகம் பயன்படுத்தியது. எல்லை வீடுகளில் இரண்டையும் காணலாம். ஆனால் எந்தப் பாடநூல் கையில் இருந்ததோ அதற்குரிய ஒளிபரப்பே பயன்பட்டது. அலைவரிசைக்கு எல்லை இல்லை, பாடத்திட்டத்துக்கு உண்டு.

முடிவுரை

நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரையான பகுதியின் கணினிக் கல்வி வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, கருவி வழங்குவதால் மட்டும் கல்வி பரவுவதில்லை. பாடம், தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகியன ஒருங்கே அமைந்தபோதே பரவியது. இரண்டாவது, கட்டாயப்பாடம் என்னும் முடிவும் கட்டற்ற மென்பொருள் என்னும் தேர்வும் சேர்ந்தே மொழிச் சிறுபான்மை மாணவருக்குக் கதவு திறந்தன. இவற்றுள் ஒன்று இல்லையேல் மற்றதன் பயன் பாதியாகியிருக்கும். மூன்றாவது, இவ்வாய்ப்பு நிலைபெறக் கேரள, தமிழகப் பாடநூல் அமைப்புகளுக்கிடையே பொதுக் கலைச்சொல் தொகுதி ஒன்று தேவைப்படுகிறது. ஊருட்டம்பலத்தில் பள்ளி வாயில் திறக்க ஒரு தலைமுறையின் போராட்டம் வேண்டியிருந்தது. கணினி அறையின் வாயில் எல்லை ஊர்களில் அரசின் முடிவாலேயே திறந்தது. அங்கே தமிழ் மாணவர் தம் மொழியோடு நிலைத்திருப்பதற்கான வழியை இரு மாநிலக் கல்வியாளரும் கூடி ஆராய்வது அடுத்த பணியாகும்.